மும்பையின் ஞாயிற்றுக்கிழமைகளை யார் கட்டினார்கள்?

மும்பைக்கு வந்து பத்து, பதினைந்து வருஷம் ஆன நம்ம குடும்பங்களில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க?" பெரும்பாலும் வரும் பதில்: துணி துவைப்போம், தூங்குவோம், மாட்டுங்காவில் போய் வாழைப்பூவும் சின்ன வெங்காயமும் வாங்குவோம், சாயங்காலம் மால். "சுத்திப் பார்க்கப் போனதில்லையா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஊர்லேர்ந்து யாராவது வந்தா கூட்டிட்டுப் போவோம்" என்பார்கள். கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபெண்டா, ஜுஹு. விருந்தாளி ரயில் ஏறியதும் அந்த மும்பையை மடித்து அலமாரியில் வைத்துவிடுவோம்.

இதற்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறது. "இது வேலைக்கான ஊர். சந்தோஷம், திருவிழா, கச்சேரி எல்லாம் அங்கே, நம்ம ஊரில். இங்கே இருக்கிற மியூசியமும் ஹாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு. நாம வந்துபோகிறவர்கள்."

இந்த நினைப்பு சரிதானா என்று மும்பையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரிகிறது. இந்த நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று என்னென்ன இருக்கிறதோ, மியூசியம், போட்டோ கிளப், சங்கீத சபா, ஊர்சுற்றும் புத்தகம், அதில் முக்கால்வாசியை வெளியிலிருந்து வந்தவர்கள்தான் கட்டியிருக்கிறார்கள். அதுவும் ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டு. கோலி மீனவர்களை விட்டால் இங்கே "ஆதியிலிருந்து இருக்கிறோம்" என்று சொல்லக்கூடியவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

உயிர் காலேஜும் செத்த காலேஜும்

பழைய சென்னைக்காரர்கள் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். மும்பையில் இரண்டும் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன: பைகுலா ஸ்டேஷனுக்குக் கிழக்கே உள்ள ராணி பாக். உயிர் காலேஜில் பெங்குவின் பார்க்க வரிசை நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் டாக்டர் பாவ் தாஜி லாட் மியூசியத்தைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த மியூசியத்தின் கதை 1851-ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறது. அந்த மாதிரி கண்காட்சிகளுக்கு அனுப்புவதற்காக பம்பாய் மாகாணத்தில் விளையும் பொருள், செய்யும் பொருள் எல்லாவற்றிலும் மாதிரிகள் சேகரித்தார்கள். சேகரித்ததை இங்கேயும் காட்டலாமே என்று கோட்டைப் பகுதியில் இருந்த ராணுவக் குடியிருப்பு ஒன்றில் வைத்தார்கள். 1857-ல் கலகம் வந்தது. சிப்பாய்களைத் தங்க வைக்க இடம் வேண்டும் என்று மியூசியப் பொருள்களை அவசர அவசரமாக வெளியே அள்ளிப் போட்டார்கள். பல உடைந்தன, பல தொலைந்தன.

மிச்சம் மீதியை வைத்து மறுபடி ஆரம்பித்தவர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற டாக்டர். இந்தத் தடவை அரசாங்கத்தை மட்டும் நம்பாமல் ஊர் ஜனங்களிடம் சந்தா கேட்டார்கள். முன்னால் நின்றவர்களில் ஜகன்னாத் சங்கர்சேட், டேவிட் சசூன், டாக்டர் பாவ் தாஜி ஆகியோர் உண்டு. சசூன் பாக்தாதில் பிறந்த யூதர். அங்கிருந்த கவர்னரின் கெடுபிடிக்குத் தப்பி, குடும்பத்தோடு பம்பாய் வந்து வியாபாரத்தில் பெரிய ஆளானவர். பாவ் தாஜி கோவாவின் மாந்த்ரேம் கிராமத்துக்காரர். சின்னப் பையனாக அப்பாவோடு வந்தவர். கிராண்ட் மெடிக்கல் காலேஜில் படித்துத் தேறிய முதல் அணியில் ஒருவர். பின்னாளில் 1869-லும் 1871-லும் பம்பாயின் ஷெரீஃப்.

1862-ல் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது பம்பாயில் பணம் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்ததால் லங்காஷயர் மில்களுக்கு அங்கிருந்து பஞ்சு போகவில்லை. இந்தியப் பஞ்சுக்குத் தங்க விலை. 1865-ல் போர் முடிந்ததும் விலை விழுந்தது, பம்பாயின் ஷேர் மார்க்கெட்டும் விழுந்தது. லட்சாதிபதிகள் தெருவுக்கு வந்தார்கள். மியூசியத்துக்கு வாக்குக் கொடுத்த பணமும் அதோடு போச்சு. பாதியில் நின்ற கட்டடத்தை அரசாங்கம் முடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒருவழியாக 1872-ல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்ற பெயரில் திறந்தது. பாவ் தாஜியின் பெயர் வைத்தது 1975-ல்.

உள்ளே போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது களிமண் பொம்மைகள்தான். பம்பாயில் இருந்த ஒவ்வொரு சாதியும் என்ன தலைப்பாகை கட்டியது, எந்தத் தொழில் எப்படி நடந்தது, தீவுகளாக இருந்த ஊர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று பொம்மையும் மாதிரியும் வரைபடமுமாக வைத்திருக்கிறார்கள். நம்ம வீட்டு நவராத்திரிக் கொலு பார்த்து வளர்ந்த குழந்தைக்கு இது உடனே பிடித்துவிடும்.

வெளியே தோட்டத்தில் ஒரு கல் யானை நிற்கிறது. எலிஃபெண்டா தீவுக்கு அந்தப் பெயரே இதைப் பார்த்துத்தான் போர்ச்சுகீசியர் வைத்தார்கள். 1864-ல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கும்போது சங்கிலி அறுந்து, விழுந்து துண்டு துண்டாக உடைந்தது. துண்டுகளை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். 1914 வாக்கில் ஒட்டவைத்தார்கள். ஒட்டு இன்னும் தெரியும். எலிஃபெண்டாவுக்குப் படகு பிடித்துப் போய் குகையைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த யானையைப் பார்த்திருப்பார்கள்?

1990-களில் இந்தக் கட்டடம் பாழடைந்து கிடந்தது. கூரை ஒழுகியது, பொருள்கள் கெட்டுக்கொண்டிருந்தன. 2003-ல் மாநகராட்சியும் இன்டாக் அமைப்பும் ஜம்னாலால் பஜாஜ் ஃபவுண்டேஷனும் ஒப்பந்தம் போட்டு வேலையை ஆரம்பித்தார்கள். கட்டடப் புனரமைப்புக்கு 2005-ல் யுனெஸ்கோ விருது. 2008-ல் மறுபடி திறந்தது. ஜனங்கள் போகாத மியூசியம் மெதுவாகச் செத்துப்போகும் என்பதற்கும், யாராவது கையில் எடுத்தால் பிழைக்கும் என்பதற்கும் இது ஒன்றே உதாரணம்.

படம் பிடித்தவர்களும் பிடிபட்டவர்களும்

பாவ் தாஜிக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது, போட்டோ. 1854-ல் பம்பாயில் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கியது. இந்தியாவின் முதல் போட்டோ கிளப் இதுதான். கல்கத்தாவும் மெட்ராசும் 1856-ல்தான் தொடங்கின. உறுப்பினர்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் என்றாலும் பாவ் தாஜியும் இருந்தார். அவர் தம்பி நாராயண் தாஜியும் டாக்டர்தான், அவரும் நல்ல போட்டோகிராஃபர். பகலில் நோயாளிகள், ஓய்வில் கேமரா. இன்று சனிக்கிழமை வரை கோடு எழுதிவிட்டு, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு சிவ்ரியில் ஃப்ளமிங்கோ பார்க்கப் போகிற நம்ம பையன்களுக்கு இவர்தான் கொள்ளுத்தாத்தா.

அப்போது போட்டோ என்பது கிளிக் பண்ணும் வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, ஈரம் காயுமுன் கழுவ வேண்டும். மும்பையின் மே மாத வெயிலில் அதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடத்தில் 1850-களின் மத்தியிலேயே போட்டோ வகுப்பு நடந்தது. அங்கே படித்த ஹரிச்சந்திர சிந்தாமணி பின்னால் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார்.

அதே சொசைட்டியில் இருந்தவர் வில்லியம் ஜான்சன். 1863-லும் 1866-லும் இரண்டு தொகுதிகளாக அவர் ஒரு போட்டோ புத்தகம் போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால், "பம்பாயில் குடியிருக்கும், வந்துபோகும் கீழைநாட்டு இனங்களும் குலங்களும்". பார்சி, போரா, பாட்டியா, பிராமணர், அரபி என்று கூட்டம் கூட்டமாக நிற்க வைத்து எடுத்த படங்கள். ஆட்களை ஒரு இடத்தில் எடுத்து, அந்த உருவங்களை வெட்டி, வேறு இடத்தின் பின்னணியில் ஒட்டியிருக்கிறார். நம்ம கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணைக் கொண்டுபோய் சுவிட்சர்லாந்தில் நிறுத்துவார்களே, அதே வேலை, நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே.

வேடிக்கை ஒருபுறம். அந்தத் தலைப்பில் உள்ள பிரிவினையைப் பாருங்கள். குடியிருப்பவர், வந்துபோகிறவர். யார் எதில் சேர்த்தி என்பதைக் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் முடிவு செய்தார். முன்னால் நின்றவருக்குப் பேச்சே இல்லை. பாவ் தாஜி சகோதரர்கள் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதை வைத்துப் பார்த்தால்தான் புரியும். பக்கத்தூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன்கள் அவர்கள்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1863-ல், இன்னொரு கோவாக்காரர் பேனாவால் அதே வேலையைச் செய்தார். கோவிந்த் நாராயண் மட்காவ்கர் எழுதிய "மும்பயீச்சே வர்ணன்". மராத்தியில் எழுதிய முழுநீள நகர வர்ணனை. கோவில், சந்தை, கோட்டை, ரயில், தொழிற்சாலை, வியாபாரம் என்று எதையும் விடவில்லை. சின்ன வயசில் மட்காவிலிருந்து வந்த ஆள் இந்த ஊரை இந்த ஊர்க்காரர்களுக்கே சுற்றிக் காட்டியிருக்கிறார்.

சினிமாவும் இங்கேதான் முதலில் இறங்கியது. 1896 ஜூலை 7, காலா கோடாவில் வாட்சன்ஸ் ஹோட்டல், லூமியேர் சகோதரர்களின் படங்கள், டிக்கெட் ஒரு ரூபாய். ஒரு மில் தொழிலாளிக்கு ஒரு ரூபாய் என்றால் சில நாள் கூலி. ஒரே வாரத்தில் காட்சி நாவல்டி தியேட்டருக்கு மாறியது. அங்கே நாலணாவிலிருந்து டிக்கெட், கோஷா பெண்களுக்குத் தனி பாக்ஸ். டிக்கெட் விலை இறங்கினால்தான் ஊர் உள்ளே வரும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அந்த வாட்சன்ஸ் கட்டடத்தில் இருந்தவர்களை 2019-ல் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவு மோசமான நிலை. இரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் கொண்டுவந்து பூட்டிய கட்டடம் அது.

எட்டயபுரத்துக்கு ஒரு டூர்

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த மும்பைக்காரரிடம் வருகிறேன். விஷ்ணு நாராயண் பாத்கண்டே. 1860-ல் வால்கேஷ்வரில் பிறந்தவர். தொழிலில் வக்கீல். சங்கீதம் சாயங்கால வேலை.

பம்பாயில் அப்போது சங்கீதம் கேட்க வேண்டுமென்றால் பணக்காரர் வீட்டு மெஹ்ஃபிலுக்கு அழைப்பு வேண்டும். பார்சிகள் சிலர் 1870-ல் காயன் உத்தேஜக் மண்டலி என்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். உறுப்பினர்கள் கூடி, வித்வான்களை அழைத்துக் கேட்கவும் கற்கவும் செய்தார்கள். நம்ம சபா மாதிரிதான். பாத்கண்டே 1884 வாக்கில் அதில் சேர்ந்தார். கேட்கக் கேட்க அவருக்கு ஒரு சந்தேகம். ஒரே ராகத்தை ஒவ்வொரு உஸ்தாதும் ஒவ்வொரு மாதிரி பாடுகிறார்களே, இதற்கு ஒரு ஒழுங்கு கிடையாதா?

1900-ல் மனைவி போனார். 1903-ல் மகளும் போனாள். அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது சங்கீதமும் பயணமும்தான்.

1904-ல் தெற்கே ஒரு நீண்ட பயணம் கிளம்பினார். பம்பாயிலிருந்து வந்த ஜிஐபி ரயில்பாதையும் மெட்ராஸ் ரயில்பாதையும் 1871-லேயே ராய்ச்சூரில் இணைந்துவிட்டன. இன்றும் சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று நாம் போவது அதே வழிதான். நாம் ஊருக்குப் போகும்போது ஊறுகாய் ஜாடிக்கு இடம் விட்டுப் பெட்டி கட்டுவோம். பாத்கண்டே கேள்விகளைக் கட்டிக்கொண்டு போனார். யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்தச் சுவடி எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே தயார் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனார். மெட்ராஸ், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம். அங்கங்கே கேட்டதையும் பார்த்ததையும் டைரியில் எழுதினார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே எழுதினார்.

அந்தப் பயணத்தின் உச்சம் எட்டயபுரம். ரயில் கோவில்பட்டி வரைதான். அதற்கு மேல் சாலை வழி. அங்கே சமஸ்தான வித்வானாக இருந்தார் சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் பரம்பரை. அவருடைய "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" எட்டயபுரத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சாகி வந்ததும் அதே 1904-ல்தான். வேங்கடமகியின் எழுபத்திரண்டு மேளங்களைப் பற்றி இருவரும் பேசினார்கள். எல்லா ராகங்களையும் ஒரு கணக்குக்குள் அடைக்கும் முறை அது. பாத்கண்டே தேடியது அதைத்தான். திரும்பி வந்து பல வருஷம் உழைத்து, வடக்கத்தி ராகங்களைப் பத்து தாட்டுகளாகப் பிரித்துக் காட்டினார். இன்று டெல்லியிலோ போபாலிலோ ஒரு குழந்தை ஹிந்துஸ்தானி சங்கீதம் கற்க உட்கார்ந்தால் முதலில் படிப்பது அந்தப் பத்தைத்தான். எழுபத்திரண்டு எப்படிப் பத்தாயிற்று, அது சரியா என்று வித்வான்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. பம்பாய் வக்கீல் ஒருவர் லீவு கிடைத்தபோது ரயில் ஏறிக் கோவில்பட்டியில் இறங்கினார். அதனால் வட இந்திய சங்கீதத்தின் பாடத்திட்டமே மாறியது. டூர் பிளான் என்பதை இனிமேல் சாதாரணமாக நினைக்காதீர்கள்!

மாட்டுங்காவிலிருந்து ஒரு ஹால்

நம்ம ஆட்கள் எப்போது வந்தார்கள்? தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்த தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். இங்கிலீஷும் டைப்ரைட்டிங்கும் தெரிந்த குமாஸ்தாக்கள் பின்னால் வந்தார்கள். 1896-ல் பிளேக் வந்து ஊரைக் காலி செய்தது. நெரிசலைக் குறைக்க 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். அந்த டிரஸ்ட் திட்டம் போட்டு உருவாக்கிய புறநகர்தான் தாதர்-மாட்டுங்கா. 1920-களிலும் 30-களிலும் அங்கே மூன்று மாடிக் கட்டடங்கள் எழுந்தபோது குமாஸ்தாக்கள் குடியேறினார்கள்.

அவர்கள் செய்ததை வரிசையாகப் பாருங்கள். 1923-ல் ஆஸ்திக சமாஜம், சாமி கும்பிட. 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, பிள்ளைகள் படிக்க. 1937-ல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1942-ல் ராம நாயக் உடுப்பி, பிரம்மச்சாரிகள் சாப்பிட. அதற்குப் பிறகு 1952-ல் ஸ்ரீ ஷண்முகானந்தா ஃபைன் ஆர்ட்ஸ் அண்ட் சங்கீத சபா. சாமி, பள்ளிக்கூடம், சாப்பாடு, அப்புறம் கச்சேரி. எந்த ஊருக்குப் போனாலும் தமிழன் இந்த வரிசையில்தான் வேர் விடுவான் போலிருக்கிறது.

அதே 1952-ல்தான் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியும் திறந்தது. சர் கோவாஸ்ஜி ஜஹாங்கீர் இறந்த மகன் நினைவாகக் கொடுத்த பணம். அதற்காக வலியுறுத்தியவர்களில் ஒருவர் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் கே.கே. ஹெப்பார்.

சபாவுக்குச் சொந்தமாக ஒரு ஹால் வேண்டும் என்று நினைத்தபோது அவர்கள் சின்னதாக நினைக்கவில்லை. 1963-ல் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் திறந்த ஹாலில் சுமார் 3,000 பேர் உட்காரலாம். வாடகை வீட்டில் இருந்த சம்பளக்காரர்கள் அதிகமுள்ள ஒரு சமூகம் அவ்வளவு பெரிய அரங்கத்தைக் கட்டியது. ஆசியாவின் பெரிய அரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. எல்லா சங்கீதமும் அங்கே நடந்தது, நடக்கிறது. மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் வங்காளியும் பாடியிருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த ஹாலுக்கும் தாராவிக்கும் நடந்துபோகும் தூரம்தான். ஆனால் தாராவித் தமிழர் பலருக்கு அந்தப் படி ஏறும் பழக்கமோ டிக்கெட்டுக்குக் காசோ இருக்கவில்லை. அவர்களுடைய ஹால் அரோரா தியேட்டர். ஒரு காலத்தில் ரஜினி படம் ரிலீஸ் என்றால் அந்தத் தெரு திருநெல்வேலி ஆகிவிடும். தமிழர்களின் பம்பாய் ஒன்றல்ல, இரண்டு. 1896-ல் ஒரு ரூபாய்க்கும் நாலணாவுக்கும் இருந்த தூரம் நமக்குள்ளும் இருந்தது.

1966, 1990

ஹால் திறந்து மூன்றே வருஷத்தில், 1966-ல் சிவசேனா தொடங்கியது. வேலைகளைத் தென்னிந்தியர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது அதன் ஆரம்ப காலப் பேச்சு. அலுவலகங்களில் இருக்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் பத்திரிகையில் வந்தன. உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. ஜான்சன் புத்தகத்தின் தலைப்பு இந்தத் தடவை தெருவில் கேட்டது. குடியிருப்பவர் யார், வந்துபோகிறவர் யார்? "மதராசி" எல்லாம் இரண்டாவது பட்டியல்.

அப்போது பயந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. வீட்டுக்குள் தமிழைத் தாழ்ந்த குரலில் பேசியவர்கள் உண்டு. ஆனால் சபா நடந்தது. பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். மூவாயிரம் நாற்காலி போட்ட கட்டடத்தைக் கட்டிக்கொண்டு போக முடியாது. ஒரு ஊரில் கட்டடம் கட்டினால் அந்த ஊரோடு சண்டை போட்டாவது, சமாதானம் ஆகியாவது இருந்துதான் தீர வேண்டும். மும்பையும் அப்படித்தான் பழகிக்கொண்டது. கல்லெறிந்தவர்களின் பிள்ளைகள் இன்று மாட்டுங்காவில் இட்லிக்கு க்யூவில் நிற்கிறார்கள் :-)

1990-ல் ஹால் தீப்பிடித்து எரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆரம்பித்த தலைமுறை வயசாகிவிட்டது. பிள்ளைகள் அமெரிக்காவில். டிவி வந்துவிட்டது. ஆனாலும் எட்டு வருஷம் பாடுபட்டு 1998-ல் மறுபடி திறந்தார்கள், 2,700-க்கு மேல் இருக்கைகளோடு. கட்டுவதற்கு ஒரு தலைமுறை, எரிந்ததைத் திரும்பக் கட்ட அடுத்த தலைமுறை. இன்னொரு தடவை தேவைப்பட்டால் யார் செய்வார்கள்? பதில் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

இத்தனை கதையும் எதற்கு என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான். "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் கும்பகோணம் என்று சொல்கிறார்கள். கும்பகோணத்தில் போய் இறங்கினால் "பாம்பேக்காரப் பிள்ளைங்க" என்கிறார்கள். இரண்டு ஊரிலும் விருந்தாளி. கும்பகோணத்தைக் கதையாகவாவது சொல்லி வளர்க்கிறோம். பிறந்து வளர்கிற ஊரின் கதையைச் சொல்லவே இல்லை.

ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பதில் நமக்கு இருக்கிற சாமர்த்தியம் வேறு யாருக்கும் வராது. முன்பதிவு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாளாக ஆகிவிட்டது. பொங்கலுக்கு எந்தத் தேதியில் காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வோம். அந்தத் திட்டமிடலில் பத்தில் ஒரு பங்கை இந்த ஊருக்கும் செலவழிக்கலாமே? எனக்குத் தெரிந்த ஒரு வழி:

- மாதம் ஒரு மியூசியம் போதும். ஒரே நாளில் மூன்று பார்த்தால் குழந்தைகள் ஜன்மத்துக்கும் மியூசியம் பக்கம் வராது. பாவ் தாஜியில் பொம்மைகளை மட்டும் பாருங்கள், யானையைப் பாருங்கள், வந்துவிடுங்கள். கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

- அடுத்த மாதம் காலா கோடா. பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் (1998-லிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா). 1905-ல் அடிக்கல், 1914-ல் கட்டி முடித்தது, ஆனால் மியூசியமாகத் திறந்தது 1922 ஜனவரியில். நடுவில் என்ன ஆயிற்று? முதல் உலகப்போர் வந்து ஆஸ்பத்திரியாக்கிவிட்டார்கள். 1918-ல் விஷக்காய்ச்சல் வந்தபோதும் அதே கட்டடம்தான். கோவிட் பார்த்த குழந்தைகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். எதிரே கோவாஸ்ஜி ஜஹாங்கீர் ஹால். 1911-ல் கட்டியது, ஒரு காலத்தில் கச்சேரிகள் நடந்த இடம், 1996-லிருந்து நவீன ஓவியங்களுக்கான தேசிய கேலரி.

- கேமராவோ போனோ குழந்தை கையில் கொடுங்கள். "பத்துப் படம்தான், பத்துக்கும் காரணம் சொல்லணும்" என்று ஒரு நிபந்தனை. பாவ் தாஜி காலத்துக் கண்ணாடித் தகட்டின் கஷ்டம் கொஞ்சமாவது விளங்கும்.

- வருஷத்தில் இரண்டு கச்சேரி. ஒன்று ஷண்முகானந்தாவில் நமக்குத் தெரிந்தது. இன்னொன்று நமக்குப் பழக்கமில்லாத ஹிந்துஸ்தானி. நரிமன் பாயின்டில் என்சிபிஏ இருக்கிறது. 1980-ல் திறந்த அதன் டாடா தியேட்டரில் மைக் இல்லாமலே கேட்கும் என்று சொல்வார்கள். அந்த அமைப்பை ஆரம்ப காலத்தில் நடத்தியவர் நாராயண மேனன் என்ற கேரளத்துக்காரர், வீணை வாசிப்பவர்.

- முடிந்தால் ஏதாவது ஒன்றில் உறுப்பினர் ஆகுங்கள். சபாவோ, மியூசியமோ, போட்டோ கிளப்போ. சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. சந்தா ரசீதில் நம் பெயரும் மும்பை விலாசமும் இருக்கும். பாவ் தாஜியும் சசூனும் மாட்டுங்கா குமாஸ்தாக்களும் இந்த ஊர்க்காரர் ஆனது அப்படித்தான்.

கொசுறு: கோடை லீவுக்கு எப்படியும் தெற்கே போவீர்கள். கோவில்பட்டி வழியாகப் போனால் எட்டயபுரத்துக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள். பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். முத்துசுவாமி தீட்சிதர் சமாதியும் அங்கே இருக்கிறது. பம்பாயிலிருந்து ஒரு வக்கீல் 1904-ல் இந்த ஊருக்குத்தான் வந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.